எள்ளற் செய்தி

நகை என்பது மக்களுக்கே சிறப்பாக உரிய மெய்ப்பாடு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணப் புகுந்தபொழுது, நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை தோன்றுவதற்குரிய காரணங்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாகக் கூறினார். எள்ளலாவது, குறையுடைய ஒன்றை நகைப்புக்கு இடமாக்கிக் காட்டுதல். அது காலந்தோறும் புதுப்புது வடிவங்களை மேற்கொண்டு வந்துள்ளது. செய்யுளிலும் நாடகத்திலும் கேலிச் சித்திரத்திலும் இடம்பெற்ற எள்ளல், இருபதாம் நூற்றாண்டில் தொலைக்காட்சிச் செய்தியின் உருவத்தையே தனக்கு உடையாக அணிந்துகொண்டது. இதனைச் செய்திப் பகடி என்பர்.

பகடி என்பது, ஒன்றன் புறத்தோற்றத்தை அப்படியே மேற்கொண்டு, அதன் உள்ளே இருக்கும் வெறுமையை வெளிப்படுத்துவது. மிடுக்கான உடை, கனத்த குரல், நீண்ட மேசை, முழங்கும் இசை, உலகப் படம் ஆகிய யாவும் செய்திப் பகடியில் உண்மைச் செய்தியில் உள்ளவாறே அமைந்திருக்கும். ஆனால் சொல்லப்படும் பொருள் மட்டும் பொருந்தாததாக இருக்கும். இப்பொருந்தாமையைக் கண்டு சிரிக்கும் மக்கள், சிரித்த பின்னர் ஒரு வினாவை எழுப்புகின்றனர்: ‘இத்தோற்றம் பொய்க்கும் பொருந்துமாயின், நாள்தோறும் இதே தோற்றத்துடன் வரும் செய்தியை நாம் எதனைக் கொண்டு நம்புகிறோம்?’ இவ்வினாவை எழுப்புவதே செய்திப் பகடியின் பயன்.

இக்கலை தொலைக்காட்சிக்கு முற்பட்டது. ஆங்கில எழுத்தாளராகிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1708-ஆம் ஆண்டில் இதனைக் கையாண்டார். அந்நாளில் இலண்டனில் ஜான் பார்ட்ரிஜ் என்னும் சோதிடர் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டு, வரப்போவனவற்றை அறுதியிட்டு உரைத்து வந்தார். ஸ்விஃப்ட், ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்னும் புனைபெயர் பூண்டு, தாமும் ஒரு சோதிடர் போல ஒரு குறிப்பு வெளியிட்டார். அதில், பார்ட்ரிஜ் மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள் இரவு காய்ச்சலால் இறப்பார் என்று எழுதினார். அந்நாள் கடந்ததும், அவர் இறந்துவிட்டார் என்னும் செய்தியும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. தாம் உயிரோடு இருப்பதாகப் பார்ட்ரிஜ் அறிக்கை விடவேண்டியதாயிற்று. அச்சில் வந்ததனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை மக்கள் சிரிப்போடு கற்றனர். பஞ்சாங்கத்தின் பொய்யைப் பஞ்சாங்கத்தின் நடையைக் கொண்டே ஸ்விஃப்ட் வீழ்த்திய இம்முறையே, பிற்காலச் செய்திப் பகடிக்கும் அடிப்படையாக அமைந்தது.

தொலைக்காட்சிச் செய்தி மக்களிடையே பெற்ற மதிப்பை அறிந்தால்தான் அதன் பகடி விளங்கும். இங்கிலாந்தில் பி.பி.சி. என்னும் ஒலிபரப்புக் கழகம் 1954-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் நாள்தோறும் தொலைக்காட்சியில் செய்தி வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் செய்தி வாசிப்பவரின் முகம் திரையில் தோன்றவில்லை. படங்களோடு குரல் மட்டுமே கேட்டது. 1955-ஆம் ஆண்டிலேதான் செய்தி வாசிப்பவர் திரையில் தோன்றினார். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வகை உடையில், ஒரே அமைதியோடு இல்லத்திற்குள் வந்து பேசும் அம்முகத்தின்பால் மக்களுக்கு ஒரு பற்று வளர்ந்தது. பற்றுக்குப் பின்னே நம்பிக்கை வந்தது. நாளடைவில் செய்தியின் வாய்மையைக் காட்டிலும் செய்தி வாசிப்பவரின் தோற்றமே நம்பிக்கைக்குக் காரணமாகிவிட்டது.

அந்நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பது 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தெரிந்தது. அன்று ‘பனோரமா’ என்னும் பி.பி.சி. நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தார் மரங்களிலிருந்து ‘ஸ்பகெட்டி’ பறிப்பதாகச் சில நிமிடங்கள் ஓடும் படம் ஒன்று காட்டப்பட்டது. ஸ்பகெட்டி என்பது கோதுமை மாவைப் பிசைந்து நூல் போல இழைத்துச் செய்யப்படும் இத்தாலிய உணவு. அது மரத்தில் காய்ப்பதில்லை. ஆயினும், அப்படத்திற்கு விளக்கம் கூறிய குரல் ரிச்சர்டு டிம்பிள்பியினுடையது. 1953-ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை நாட்டுக்கு எடுத்துரைத்த அதே குரல், பனி குறைந்த குளிர்காலத்தால் ஸ்பகெட்டி விளைச்சல் பெருகியுள்ளது என்று சிறிதும் நகையின்றிக் கூறியது. அந்நாளில் ஆங்கில மக்கள் பலர் அவ்வுணவை நன்கு அறியார். ஆதலின், அம்மரத்தை வளர்ப்பது எவ்வாறு என்று கேட்டுப் பலர் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தனர். அவர்கள் நம்பியது மரத்தையன்று, அக்குரலையே.

அரசியலாரை எள்ளுவதற்குத் தொலைக்காட்சியை முதன்முதலில் துணிந்து பயன்படுத்திய ஆங்கில நிகழ்ச்சி, ‘அதுதான் சென்ற வாரம்’ என்று பொருள்படும் பெயருடையது. அது 1962-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் தொடங்கியது. நெட் ஷெரின் என்பவர் அதனை உருவாக்கினார். டேவிட் ஃபிராஸ்ட் என்னும் 23 வயது இளைஞர் அதனை நடத்தினார். சனிக்கிழமை இரவுதோறும், அவ்வாரத்துச் செய்திகளைப் பாட்டாலும் சிறு நாடகங்களாலும் உரையாலும் அங்கே பகடி செய்தனர். ஒளிப்படக் கருவிகளையும் கூடத்தின் வெற்றுச் சுவர்களையும் மறைக்காமல் திரையில் காட்டியது அந்நிகழ்ச்சியின் புதுமை. தொலைக்காட்சி என்பதே ஆக்கப்பட்ட ஒரு பொருள் என்பதை அது மக்களுக்கு உணர்த்தியது. அக்காலத்துப் பி.பி.சி.யின் தலைமை இயக்குநர் ஹியூ கிரீன் என்பவர். அவர் 1930-களில் செய்தித்தாள் நிருபராக ஜெர்மனியில் வாழ்ந்தவர். கொடுங்கோன்மை வளர்ந்ததை நேரிற் கண்டவர். எள்ளலின் வன்மையை அறிந்திருந்த அவர், அந்நிகழ்ச்சிக்கு இடமளித்தார்.

அந்நிகழ்ச்சியால் வெகுண்டவர் பலர். ஆயினும், பகடிக்கு இலக்கான தலைமையமைச்சர் ஹெரால்டு மாக்மில்லன், அதன்மீது நடவடிக்கை எதுவும் வேண்டா எனத் தம் அமைச்சருக்கு எழுதினார். புறக்கணிக்கப்படுவதினும் நகைக்கப்படுவது நன்று என்பது அவர் கருத்து. தேர்தல் நிகழவிருந்த 1964-ஆம் ஆண்டில் அத்தகைய நிகழ்ச்சி தக்கதன்று எனக் கருதிய பி.பி.சி., 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாளோடு அதனை நிறுத்திவிட்டது. அதற்கு ஒரு திங்களுக்கு முன்னர், நவம்பர் 22-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் நிகழ்ச்சியில் எள்ளல் எதுவும் இல்லை. அக்குழுவினர் தம் வழக்கமான நகையை நீக்கிவிட்டு, இறந்தவருக்கு உருக்கமான அஞ்சலி செலுத்தினர். எங்கே நகைக்கலாம் என்பதை அறிந்தோர் எங்கே நகைக்கலாகாது என்பதையும் அறிந்திருந்தனர்.

இதன் பின்னர், 1979 முதல் 1982 வரை, ‘ஒன்பது மணிச் செய்தி அன்று’ என்று பொருள்படும் பெயருடன் வேறொரு நிகழ்ச்சி வந்தது. ஓர் அலைவரிசையில் உண்மையான ஒன்பது மணிச் செய்தி ஒளிபரப்பாகும்பொழுது, அதே கழகத்தின் மற்றோர் அலைவரிசையில் இப்பகடி ஒளிபரப்பாயிற்று. பெயரும் நேரமும் கூடப் பகடியின் உறுப்புகளாயின.

செய்திப் பகடியின் ஆக்கத்தை முழுமையாக அறிய விரும்புவோர்க்கு ஏற்ற எடுத்துக்காட்டு, ‘தி டே டுடே’ என்னும் பி.பி.சி. நிகழ்ச்சியாகும். 1991-ஆம் ஆண்டு தொடங்கி வானொலியில் நடைபெற்ற ஒரு நிகழ்ச்சியிலிருந்து பிறந்த இது, 1994-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் முதல் பிப்ரவரி 23-ஆம் நாள் வரை ஆறு பகுதிகளாக ஒளிபரப்பப்பட்டது. அர்மாண்டோ இயனூச்சி, கிறிஸ் மாரிஸ் ஆகிய இருவரும் இதனைப் படைத்தனர். ஆறே பகுதிகள் கொண்டதாயினும், இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறது. இதற்கு முன்னிருந்த நிகழ்ச்சிகள் செய்தியில் வரும் மனிதரை எள்ளின. இதுவோ செய்தியையே எள்ளியது. அமைச்சர் செய்த தவறு இதன் பொருளன்று. அத்தவற்றை நாட்டுக்கு எடுத்துரைக்கும் முறையில் உள்ள போலித்தன்மையே இதன் பொருள்.

அந்நிகழ்ச்சியின் தொடக்க இசை தேவைக்கு மேல் முழங்கும். உலக உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் சுழன்று வரும். அவ்வரைகலைப் படங்களை உருவாக்கியோர், உண்மைச் செய்தி நிறுவனம் ஒன்றுக்குப் பணிபுரிந்த கலைஞர்களே. ஆதலின், போலிக்கும் உண்மைக்கும் தோற்றத்தில் வேறுபாடு காணல் அரிதாயிற்று. தலைமைச் செய்தி வாசிப்பாளராக நடித்த கிறிஸ் மாரிஸ், யாவும் அறிந்தவர் போலவும், எவரையும் அதட்டும் உரிமை பெற்றவர் போலவும் பேசினார். பொருளாதார நிருபராக வரும் பாத்திரமோ, ஒன்றும் அறியாமலேயே அறிந்ததாகக் கூறும் இயல்பினன். அயல்நாட்டு அமைச்சரோடு உரையாடியதாக அவன் கூறுவான். செய்தி வாசிப்பாளர் இரண்டு வினாக்களை எழுப்பியவுடன் பொய் வெளிப்பட்டு, நேரலையிலேயே குறுகி நிற்பான். வணிகச் செய்தி கூறும் பெண் பாத்திரமோ, பொருளற்ற எண்களையும் சொற்களையும் மிக விரைவாக அடுக்குவாள்; நாணய மதிப்பின் ஏற்றத்தாழ்வு ஒரு பூனையின் உருவத்தால் விளக்கப்படும். புரியாத ஒன்றைப் புரிந்தது போல ஏற்றுக்கொள்ளும் மக்களின் வழக்கமே அங்கு எள்ளப்பட்டது. ஸ்டீவ் கூகன் நடித்த ஆலன் பார்ட்ரிஜ் என்னும் விளையாட்டு நிருபன், விளையாட்டைப் பற்றிச் சிறிதும் அறியாதவன். அறியாமையை உரத்த குரலால் மறைக்க முயல்பவன்.

அந்நிகழ்ச்சியின் ஒரு பகுதி சிறப்பாக எண்ணத்தக்கது. ஆஸ்திரேலியாவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே வணிக உடன்பாடு ஒன்று ஏற்பட்டதாகச் செய்தி வருகிறது. இரு தரப்பினரும் நட்போடு பேசுகின்றனர். நட்பில் செய்திச் சுவை இல்லை. ஆதலின், செய்தி வாசிப்பாளர் ஒருவர் கூறியதைத் திரித்து மற்றவரிடம் கூறுகிறார், சினத்தை மூட்டுகிறார், சில நிமிடங்களிலேயே அவ்விரு நாடுகளுக்கும் போர் மூண்டுவிடுகிறது. போர் என்றவுடன் அவர் முகத்தில் மகிழ்ச்சி பொங்குகிறது. கூடம் முழுவதும் போர்ச் செய்திக்கு ஏற்றவாறு நொடியில் மாறுகிறது. போருக்கென்றே ஆயத்தமாக வைத்திருந்த இசையும் படங்களும் வெளிப்படுகின்றன. 1991-ஆம் ஆண்டில் வளைகுடாப் போரை நாள் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டிருந்த மக்களுக்கு இவ்வெள்ளல் எளிதில் விளங்கியது. துன்பத்தை அறிவிப்பது செய்தியின் கடமை. துன்பத்தை விரும்புவது அதன் நோய். அந்நோயைச் சுட்ட எத்தனை கட்டுரைகள் எழுதினாலும், இச்சிறு காட்சியைப் போல அவை மனத்திற் பதியா.

இத்தகைய பகடியை ஆக்குவதற்குச் சில நெறிகள் உண்டு. முதலாவது, மூலத்தை நுணுகிக் கற்றல். செய்தி வாசிப்பவர் எங்கே நிறுத்துகிறார், எச்சொல்லை அழுத்துகிறார், தாள்களை எப்பொழுது அடுக்குகிறார் என்பனவற்றையெல்லாம் அறியாதவர் அதனைப் பகடி செய்ய இயலாது. இரண்டாவது, வடிவத்தில் குறை நேராமற் காத்தல். மேசையும் உடையும் இசையும் மலிவாக இருப்பின், மக்கள் அவற்றைக் கண்டு சிரிப்பரேயன்றிக் கருத்தைக் கண்டு சிரியார். மூன்றாவது, மாற்றத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்தல். யாவும் பொருந்தியிருக்க ஒன்று மட்டும் பொருந்தாதிருப்பின் நகை பிறக்கும். யாவும் பொருந்தாவிடின் குழப்பமே மிஞ்சும். நான்காவது, நடிப்பவர் நகையாதிருத்தல். அவர் தாமே சிரித்துவிட்டால், சிரிக்கும் உரிமையைக் காண்போரிடமிருந்து பறித்தவராவார். இந்நான்கு நெறிகளும் ஸ்விஃப்ட் காலந்தொட்டு மாறாதன.

அமெரிக்காவில் இக்கலை வேறொரு வழியில் வளர்ந்தது. 1975-ஆம் ஆண்டு அக்டோபரில், சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒன்றின் உறுப்பாகப் போலிச் செய்தி வாசிப்புத் தொடங்கியது. 1996-ஆம் ஆண்டில் ‘தி டெய்லி ஷோ’ என்னும் தனி நிகழ்ச்சி பிறந்தது. 1999 முதல் 2015 வரை ஜான் ஸ்டூவர்ட் அதனை நடத்தினார். எழுத்தாளர்கள் காலையில் கூடி அன்றைய செய்திகளை ஆராய்வர். பகலில் எழுதி ஒத்திகை பார்ப்பர். மாலையில் மக்கள் முன்னிலையில் அது படமாக்கப்படும். அவர்தம் தலையாய கருவி கற்பனையன்று. சேமித்து வைத்த பழைய படச்சுருளே. ஓர் அரசியல்வாதி இன்று கூறியதையும், முன்னர் அதற்கு மாறாகக் கூறியதையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு, ஸ்டூவர்ட் ஒன்றும் கூறாமல் விழித்து நோக்குவார். அவ்விழிப்பே தீர்ப்பாக அமையும். பொய்யைக் கொண்டு பொய்யை எள்ளியது ஆங்கிலேயர் முறை. மெய்யைக் கொண்டு பொய்யை எள்ளியது இம்முறை.

அந்நிகழ்ச்சியில் பயின்ற ஸ்டீபன் கோல்பேர் என்பவர், 2005 முதல் 2014 வரை தனி நிகழ்ச்சி நடத்தினார். தாம் எள்ள விரும்பிய கொள்கையைத் தாமே போற்றுபவர் போல நடித்தது அவர் உத்தி. தமிழ் அணியிலக்கணம் இதனை வஞ்சப்புகழ்ச்சி என்று கூறும். 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் வாஷிங்டனில் நடைபெற்ற நிருபர்கள் விருந்தில், குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் அருகிலிருக்கவே, கோல்பேர் அவரைப் புகழ்வது போலப் பழித்தார். வந்திருந்த செய்தியாளரையும் விட்டுவைக்கவில்லை. கூடத்தில் சிரித்தவர் சிலரே. ஆயினும், பேசியவர் எத்தீங்குமின்றித் தம் இல்லம் சென்றார். ஆட்சித் தலைவரை நேர்நின்று எள்ளியவர் அச்சமின்றி உறங்குதல் எளிய பேறு அன்று. அதன் அருமையை எகிப்து நாட்டு வரலாறு உணர்த்தும்.

பாசெம் யூசுப் என்பவர் எகிப்து நாட்டு இதய அறுவை மருத்துவர். 2011-ஆம் ஆண்டில் மக்கள் கிளர்ச்சியால் ஹோஸ்னி முபாரக்கின் முப்பதாண்டு ஆட்சி வீழ்ந்தது. கிளர்ச்சியைப் பற்றி அரசுச் சார்புத் தொலைக்காட்சிகள் திரித்துக் கூறியதைக் கண்ட அம்மருத்துவர், தம் இல்லத்தின் ஒரு சிற்றறையிலிருந்து, ஸ்டூவர்ட்டின் முறையைப் பின்பற்றிச் சிறு படங்கள் எடுத்து இணையத்தில் வெளியிட்டார். விரைவிலேயே அது பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சியாக வளர்ந்தது. 2012-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரான முகம்மது மோர்சியை அவர் எள்ளினார்; 2013-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் அரசு வழக்கறிஞர் முன்னிலையில் விசாரணைக்கு நின்று, பிணைத்தொகை கட்டி மீண்டார். விசாரணைக்குச் சென்றபொழுதும், மோர்சி அணிந்த தொப்பியைப் பெரிதாக்கிச் செய்த தொப்பியொன்றை அணிந்தே சென்றார். அவ்வாண்டு ஜூலையில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். மோர்சியை எள்ளியபொழுது கைதட்டியவர் பலர், புதிய ஆட்சியாளரை எள்ளியபொழுது சினந்தனர். ஓர் அலைவரிசை நிகழ்ச்சியை நிறுத்தியது. மற்றோர் அலைவரிசையில் சில திங்கள் நடந்தது. 2014-ஆம் ஆண்டு ஜூனில் அது முற்றிலும் முடிந்தது. பின்னர் அவர் நாட்டைவிட்டு நீங்கினார். தம் பகைவரை எள்ளும்பொழுது மகிழ்வதும், தம்மவரை எள்ளும்பொழுது வாயடைக்க விரும்புவதும் மக்களிடத்தே உள்ள குறை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

செய்திப் பகடிக்கும் குறைகள் உண்டு. 1997-ஆம் ஆண்டில் கிறிஸ் மாரிஸ் வேறொரு நிகழ்ச்சி நடத்தினார். உலகில் இல்லாத போதைப்பொருள் ஒன்றைப் புனைந்து, புகழ்பெற்றோர் பலரை அதற்கு எதிராகப் பேசவைத்தார். அவருள் ஒருவரான நாடாளுமன்ற உறுப்பினர், அப்பொருளைப் பற்றி நாடாளுமன்றத்திலேயே வினா எழுப்பிவிட்டார். ஆராயாது பேசுவோரை அது அம்பலப்படுத்தியது உண்மையே. ஆயினும், நல்லெண்ணத்தோடு உதவ வந்தவரை ஏமாற்றி நகைப்பது அறமாகுமா என்னும் வினாவும் எழாமற் போகவில்லை. மேலும், பகடியை மட்டுமே கண்டு வருவோர், எல்லாச் செய்தியும் பொய்யே என்று எண்ணி உண்மையையும் வெறுக்கத் தலைப்படுவர். எதனையும் நம்புதல் பேதைமை எனின், எதனையும் நம்பாமையும் பேதைமையே.

பகடியும் பொய்ச்செய்தியும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும்; அகத்தே அவை முரண்பட்டவை. பொய்ச்செய்தி, தான் பொய் என்பது வெளிப்படாமல் இருக்க முயல்கிறது. பகடியோ, தான் பொய் என்பது வெளிப்பட்ட பின்னரே பயன் தருகிறது. முன்னது காண்போரின் அறிவை உறங்கச் செய்யும். பின்னது அதனைத் தட்டி எழுப்பும். நல்ல பகடி வலியோரின் செருக்கை எள்ளுமேயன்றி எளியோரின் துயரை எள்ளாது. இவ்விரு அளவுகோல்களாலும் அளந்து பார்ப்பின், எள்ளற்கலையின் நன்மை தீமைகள் எளிதில் புலப்படும்.

இன்று எவருடைய முகத்தையும் குரலையும் கணிப்பொறியால் போலியாக ஆக்கிவிட இயலும். தோற்றத்தைக் கண்டு நம்பிய காலம் மலையேறிவிட்டது. செய்தியைக் கூறுபவர் யார், அவர் அதனை எவ்வாறு அறிந்தார், அதனால் பயன் பெறுவோர் யார், பிறரும் அதனை உறுதி செய்கின்றனரா என்னும் வினாக்களை எழுப்புதல் ஒவ்வொரு குடிமகனின் கடமையாகிவிட்டது. மரத்தில் ஸ்பகெட்டி காய்க்குமா என்று ஒரு நொடி எண்ணியிருப்பின், எவரும் ஏமாந்திருக்க மாட்டார். எண்ணுதற்குரிய அந்த ஒரு நொடியை மக்களுக்குப் பழக்கித் தருவதே எள்ளற் செய்தி ஆற்றும் தொண்டாகும்.